அறுபத்தெட்டரை கிலோ

எங்கள் வீட்டில் நிறை பார்க்கிற தராசில் ஒரு பிழையும் இல்லை. அது பழுதாக இருந்திருக்கலாம் என்று உங்கள் பொலிஸ் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறீர்களாம். அதை வெட்டிவிடுங்கள்.

என் கணவர் பேனாட்டுக்கு நான்கு வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்தது. உயிர் தப்பினார், இதயம் பலவீனமாகிவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு உடம்பில் தண்ணீர் சேரும். மூச்சு முட்டுவதற்கு முன்பே நிறை ஏறிவிடும். ஆகவே தினமும் காலையில், தேநீர் குடிக்க முதல், நிறை பார்த்துப் போனில் பதிந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் இதயப் பிரிவுத் தாதி அழைப்பார். சித்திரையில் ஒருமுறை அப்படிக் கூடியது. ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தது. தண்ணீரைச் சலமாக வெளியேற்றுகிற குளிசையைக் கூட்டினார்கள். நான்காம் நாள் மனிதர் இங்கே எசன் நகரக் கடைத்தெரு முழுக்க நடந்து திரிந்தார்.

சீனி வருத்தத்தால் அவருக்குக் கண் மங்கல். தராசில் ஏறி நிமிர்ந்து நின்று, எவ்வளவு என்று கேட்பார். நான் வாசிப்பேன், நானே பதிவேன். வழக்கமான நிறை அறுபத்தெட்டரை.

என்னைப் பொல்லாதவள் என்று நினைக்க வேண்டாம். உப்பில்லாமல் சமைத்து நானும் அதையே சாப்பிட்டேன். ஒரு குளிசை தவறவில்லை. சிநேகிதர் வீடுகளில் மிக்சரும் கருவாட்டுப் பொரியலும் சாப்பிட்டது அவர்தான்.

எங்களுக்கு ஒரே மகள், லவினியா. மூன்று வருடங்களுக்கு முன் ஹனோவரில் ஜேர்மன் நாட்டு டொச்சுக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்தாள். பேனாட் சத்தம் போடவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் பெயரை எடுத்தாலே கை நெஞ்சுக்குப் போகும். நான் வாயை மூடுவேன். கடந்த மாசியில் அவளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. போனில் அந்தக் குழந்தையின் சத்தம் கேட்டதும் நோகுது என்றார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனேன். இதயத்தில் புதிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் நம்பரையும் படங்களையும் தன் முன்னால் அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டேனா என்று இரண்டு தரம் கேட்டார். கண் தெரியாத மனிதர், ஏமாற்றியிருக்கலாம். அப்போது எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

கார்த்திகையில் பேரனுக்கு ஞானஸ்நானம். போயே தீருவேன் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் கை நெஞ்சுக்குப் போனது. கோட்டைக் கழற்றினேன். அரை மணி நேரத்தில் நாலு துண்டு பாண் சாப்பிட்டுவிட்டு, தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அடுத்த நாள் காலை தராசு அறுபத்தொன்பதரை காட்டியது. அறுபத்தெட்டரை என்று சொன்னேன். அதையே அனுப்பினேன்.

பிறகு தினமும் அப்படித்தான். காலுறை போட்ட இடம் பள்ளமாகப் பதிந்தது. ஒரு தலையணை மூன்றாகியது, பிறகு கதிரையிலேயே நித்திரை.

"மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு, கொறற்றி," என்றார்.

நிறை சரியாகத்தான் இருக்கிறது, குளிருக்கு அப்படித்தான் என்றேன். என்னை அவர் எந்த நாளும் நம்பியதில்லை, அந்த இலக்கத்தை நம்பினார். போனமுறை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியதால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் வெட்கப்பட்டார். தாதி ஒருமுறை நலம் விசாரித்தார். நல்ல சுகம் என்றேன்.

பன்னிரண்டாம் நாள் எழுபத்தாறு கிலோ. உதடு நீலம் பாரித்திருந்தது. கையைப் பிடித்தார்.

"பிள்ளைக்கு ஒருக்கா கோல் எடும். பேரனையும் கொண்டு வரச் சொல்லும். நான் செய்தது பிழை."

"நம்பர் இல்லை. நீங்கள்தானே அழிக்கச் சொன்னனீங்கள்."

அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். எனக்கு மனப்பாடம் என்று அவருக்கும் தெரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறுபத்தெட்டரை என்று பதிந்து அனுப்பிவிட்டு, தேநீர் போடப் போனேன். மதியத்துக்கு முன் முடிந்துவிட்டது. ஓம், நான்தான் செய்தேன். என் மகளுக்காகச் செய்தேன்.

சவ அடக்கத்துக்குக் குழந்தையோடு வந்திருந்தாள்.

"அம்மா, அப்பா கடைசியிலை என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

இல்லை என்றேன். பாவம், விம்மி விம்மி அழுதாள். நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவரை மன்னித்திருப்பாள், என் பிள்ளைக்கு எதற்கு அந்தப் பாரம்.