மிஸ்டு கால் கொடுத்தால் லீவு

வல்லக்கோட்டை நிறுத்தத்து டீக்கடையில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில், கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு இளைஞர்கள். ஒருவன் சொன்னது காதில் விழுந்தது.

“மச்சான், காலைலேர்ந்து நம்ம சர்வர் பாதி கம்பெனிக்கு லீவு குடுத்துக்கினு கீது.”

“எப்படிலே?” மற்றவனுக்கு நெல்லைப் பேச்சு.

“பஸ் ஆபீசுக்கு போன் பண்ணா இன்னிலேர்ந்து நம்ம மிஷின்தான எடுக்குது? வரேன்னா ஒண்ணு, லீவுன்னா ரெண்டு அமுக்கணும். எதுவும் அமுக்காம வச்சிட்டா லீவுன்னு நான்தான் செட் பண்ணேன்.”

“சரியாத்தானலே இருக்கு?”

“இன்னா சரி? இங்க மிஸ்டு கால் குட்தாலே வரேன்னு அர்த்தமாம். மிஷின் மொத ரிங்லயே எடுத்துடுது. காசு போயிடும்னு பயந்து கட் பண்றாங்க. அந்த நம்பர் யாருதோ, அவங்க பேர்ல லீவு ஏறிடுது.”

“அப்போ பஸ்ஸு?”

“அந்த ஸ்டாப்புல ஆள் இல்லன்னு டிரைவருக்கு மெசேஜ் போயிடும். நிக்காம போயிடுவாரு.”

சற்று முன்புதான் நானும் மிஸ்டு கால் கொடுத்து, ‘வணக்கம்’ என்ற பெண் குரலைப் பாதியில் வெட்டிவிட்டு, கெட்டிக்காரனாக டீ சொல்லியிருந்தேன். அந்த நிறுத்தத்தில் ஏறுவது நான் ஒருவன்தான். இன்னொரு நாள் வராவிட்டால் வேலைக்கே வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

வளைவில் பஸ் தெரிந்தது. கிளாஸும் கையுமாக நடுரோட்டுக்கு ஓடி, இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். டீ முழுக்கச் சட்டைக்குப் போனது. பஸ் கிறீச்சிட்டு நின்றது.

பின்னால் குரல் கேட்டது. “யார்லே அந்தப் பெருசு, பஸ்ஸ மறிக்காரு?”

“லீவுல கீறவரா இருப்பாரு, வுடு.”