உள்பக்கத் தாழ்ப்பாள்

கடைக்காரர்: ஐயா, அந்த டிரில் மெஷினைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க.

மாமனார்: எடை பாக்கறேன்.

கடைக்காரர்: எடை போட்டு வாங்கறதுக்கு இது என்ன வெங்காயமா?

மாமனார்: முப்பது வருஷம் பஸ் ஓட்டின கைப்பா இது. கையில கனக்கிற சாமான்தான் உழைக்கும்.

மருமகள்: ஓட்டப் போறது நான் மாமா. இப்படிக் குடுங்க.

மாமனார்: நீயா?

மருமகள்: பின்ன?

மாமனார்: ஏன், நான் போட்டுத் தர மாட்டேனா?

மருமகள்: எல்லாத்துக்கும் உங்களையே கூப்பிட முடியுமா?

மாமனார்: அடுத்த ரூம்ல இருக்கறவனைக் கூப்பிட என்ன கஷ்டம்?

மருமகள்: அது... நீங்க தூங்கிக்கிட்டு இருப்பீங்க.

கடைக்காரர்: மேடம் சரியாப் பிடிக்கிறாங்க பாருங்க. ஆள்காட்டி விரலை விசையில வைங்க. மெதுவா... மெதுவா அழுத்தணும்.

மருமகள்: அம்மாடி!

மாமனார்: என்னா சத்தம்... உங்க அத்தை குறட்டை மாதிரியே இருக்கு.

மருமகள்: இருங்க, அத்தைகிட்ட சொல்றேன்.

மாமனார்: சொல்லேன். எனக்கென்ன பயமா?... சொல்லிடாத.

கடைக்காரர்: இது டிரில். பக்கத்துல குள்ளமா உக்காந்திருக்கே, அது இம்பாக்ட் டிரைவர்.

மாமனார்: எங்களுக்கு டிரைவர் வேணாம். டிரைவர் நான்தான் கூடவே வந்திருக்கேனே.

கடைக்காரர்: இந்த டிரைவர் எதிர்த்துப் பேசாது ஐயா.

மருமகள்: அப்ப இதையே எடுத்துக்கலாம்.

மாமனார்: சிரிங்க, சிரிங்க. சின்ன வீட்டு வேலைக்கு எதுக்கு ரெண்டு மெஷின்? ஆளைப் பாத்துத் தலையில கட்டறீங்க.

கடைக்காரர்: கட்டல ஐயா. கேளுங்க. டிரில் துளை போடும். டிரைவர் ஸ்க்ரூவைத் திருகும்.

மாமனார்: டிரில்லே திருகும். டிப்போவுல பாத்திருக்கேன்.

கடைக்காரர்: திருகும், இல்லேங்கல. சின்ன ஸ்க்ரூன்னா சமாளிச்சுடும். நீளமான ஸ்க்ரூ, கெட்டி மரம்னு வைங்க. பாதி வரைக்கும் போயி முரண்டு பிடிக்கும். ஸ்க்ரூ நின்னுடும், மெஷின் சுத்தும். மெஷினோட சேர்ந்து உங்க கையும் சுத்தும்.

மருமகள்: கை... முறுக்கிக்குமா?

கடைக்காரர்: லேசா இல்ல, நல்லாவே. மணிக்கட்டைப் பதம் பாத்துடும். இந்தக் குள்ளன் அப்படி இல்ல. உள்ளுக்குள்ளயே தட்டித் தட்டித் திருகும். கைக்கு ஒண்ணும் தெரியாது.

மருமகள்: முறுக்கவே முறுக்காதா?

கடைக்காரர்: முறுக்காது. ஏன் மேடம், கையில ஏதாவது...?

மருமகள்: படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டேன். போன மாசம்.

மாமனார்: ரெண்டையும் எடுத்து வைங்க.

மருமகள்: இப்பதானே தலையில கட்டறார்னு சொன்னீங்க?

மாமனார்: கட்டட்டும்.

கடைக்காரர்: ஒரே கம்பெனியா எடுத்துக்கங்க மேடம். ஒரே பேட்டரி ரெண்டுக்கும் பொருந்தும். என்னென்ன மாட்டப் போறீங்க?

மருமகள்: திரைச்சீலைக்குக் கம்பி... ஒரு பலகை... ஒரு கண்ணாடி... அப்புறம் ஒரு தாழ்ப்பாள்.

மாமனார்: திரைச்சீலையா? நம்ம வீட்ல எல்லா ஜன்னல்லயும் இருக்கே.

மருமகள்: மாத்தலாம்னு.

மாமனார்: போன வருஷம்தானே மாத்தின?

மருமகள்: கலர் பிடிக்கல மாமா. விடுங்களேன்.

கடைக்காரர்: சுவர் என்ன சுவர்?

மருமகள்: கான்கிரீட்.

மாமனார்: செங்கல்லும்மா. நான் நின்னு கட்டின வீடு. எந்தக் கல்லு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.

மருமகள்: ஆமா, செங்கல். ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டேன்.

கடைக்காரர்: எதுன்னு சரியாச் சொல்லுங்க மேடம், அதான் முக்கியம். செங்கல்லுக்குச் சின்னதே தாராளம். கான்கிரீட்டுக்குப் பெருசு வேணும், அதுவும் சுத்தியல் மாதிரி இடிச்சுக்கிட்டே சுத்தறது. தப்பா எடுத்துட்டுப் போனா சுவர்ல கீறல்தான் விழும், துளை விழாது. பிரிச்ச டப்பாவைத் திருப்பி வாங்க மாட்டோம்.

மருமகள்: செங்கல்தான்.

மாமனார்: கான்கிரீட்டுக்கு ஆகறதையே குடுங்க.

மருமகள்: நம்ம வீடு செங்கல்னு நீங்கதானே இப்ப...

மாமனார்: செங்கல் வீட்டுக்காரன் பெரிய மெஷின் வெச்சிருந்தா யாராவது வழக்குப் போடுவாங்களா?

கடைக்காரர்: ஐயா சொல்றது சரி. பெருசு சின்ன வேலையும் செய்யும். இந்தாங்க, பலகையில ஒரு ஸ்க்ரூ போட்டுப் பாருங்க.

மாமனார்: மொதல்ல நான்.

கடைக்காரர்: போடுங்க. நேராப் பிடிங்க... அழுத்துங்க...

மாமனார்: உள்ளயே போக மாட்டேங்குதே. மட்டமான சரக்கு.

மருமகள்: பின்பக்கமாச் சுத்துது மாமா.

கடைக்காரர்: ரிவர்ஸ்ல இருக்கு ஐயா. விசைக்கு மேல பட்டன் இருக்கு பாருங்க. இந்தப் பக்கம் தள்ளினா மாட்டும், அந்தப் பக்கம் தள்ளினா கழட்டும்.

மருமகள்: முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு ரிவர்ஸ் தெரியல.

மாமனார்: நான் ரிவர்ஸே போடாத டிரைவர். டிப்போவுல யாரை வேணா கேளு.

மருமகள்: நகருங்க, நான் போடறேன்... போகுது... மாமா, போகுது பாருங்க!

கடைக்காரர்: விடுங்க மேடம், விசையை விடுங்க! ஸ்க்ரூ தலை உள்ளயே போயிடுச்சு. பலகை பிளந்துடும்.

மருமகள்: இன்னொண்ணு போடவா?

கடைக்காரர்: இது காட்டறதுக்கு வெச்சிருக்கற பலகை...

மாமனார்: போடட்டும் விடுங்க. இவ இப்படிச் சிரிச்சு நாளாச்சு.

மருமகள்: கையே வலிக்கல மாமா.

மாமனார்: ம்.

கடைக்காரர்: சரி, தாழ்ப்பாளுக்கு வருவோம். கதவுக்கு எந்தப் பக்கம்?

மருமகள்: உள்பக்கம்.

கடைக்காரர்: ஒண்ணேகால் அங்குல ஸ்க்ரூ போதும்.

மருமகள்: பத்தாது. பிடுங்கிக்கிட்டு வரும்.

கடைக்காரர்: தாழ்ப்பாளுக்கு அதுவே அதிகம் மேடம். யாராவது தோளைக் குடுத்து இடிச்சாத்தான் பிடுங்கும்.

மாமனார்: மரம் உளுத்துப் போயிருந்தது.

கடைக்காரர்: எந்த மரம்?

மாமனார்: எங்க வீட்டுக் கதவு. இவங்க ரூம் கதவு. ரெண்டு தடவை தாழ்ப்பாள் பேந்துக்கிச்சு. நான்தான் திரும்ப மாட்டினேன். அப்ப பாத்தேன்... உளுத்த மரம்.

மருமகள்: அது தேக்கு மாமா. நீங்களே பாத்துப் பாத்து வாங்கின தேக்கு.

மாமனார்: ஆமா. தேக்குதான்.

கடைக்காரர்: தேக்கு எங்கயாவது உளுக்குமா? ஐயா விளையாடறீங்க.

மாமனார்: உங்ககிட்ட இருக்கறதுலயே நீளமான ஸ்க்ரூவாப் பாத்துக் குடுங்க. தாழ்ப்பாளும் இருக்கறதுலயே தடியானது.

கடைக்காரர்: அது உள்ள ஸ்டோர்ல இருக்கு. இருங்க, எடுத்துட்டு வந்துடறேன்.

மருமகள்: ... மாமா.

மாமனார்: ம்.

மருமகள்: நீங்க என்னை ஏதாவது கேக்கலாம்.

மாமனார்: கேட்டா நீ சொல்லிடுவ.

மருமகள்: சொல்றதுக்குத்தானே கேக்கறது?

மாமனார்: அதான் கேக்கல.

மருமகள்: அப்ப எதுக்குக் கூட வந்தீங்க? கடைக்குப் போறேன்னு சொன்னதும் செருப்பை மாட்டிக்கிட்டு நின்னீங்க. வேணாம்னு சொன்னேன், கேக்கல.

மாமனார்: மெஷின் வாங்கத் தெரியாம ஏமாந்துடக் கூடாதேன்னு.

மருமகள்: யாரு, தலைகீழாப் பிடிச்ச நீங்களா சொல்றீங்க?

மாமனார்: எடை பாத்தேன்னு சொன்னேன்ல?

கடைக்காரர்: இந்தாங்க. இந்தத் தாழ்ப்பாளைப் பிடுங்கணும்னா யானைதான் வரணும். பேட்டரியில பாதி சார்ஜ்தான் இருக்கும் மேடம். வீட்டுக்குப் போயி முழுசா ஏத்திட்டு நாளைக்கு வேலையை ஆரம்பிங்க.

மாமனார்: இங்கயே ஏத்திக் குடுங்க.

கடைக்காரர்: ஒரு மணி நேரமாவது ஆகும் ஐயா.

மாமனார்: ஆகட்டும். உக்கார ஸ்டூல் இருக்கா?

மருமகள்: என்ன அவசரம் மாமா? நாளைக்குப் பாத்துக்கலாமே.

மாமனார்: அந்த வீட்ல கரண்ட் இருக்கான்னு பாத்தியா நீ?

மருமகள்: எந்த வீட்ல?

மாமனார்: காலையில கிளம்பறப்ப வீட்டுச் சாவியை ஆணியில மாட்டிட்டு வந்த.

மருமகள்: மறந்திருப்பேன்.

மாமனார்: நீ மறக்கற ஆளா? மாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் சாவியோட போறவ. உங்க அத்தை கண்ணுல படறதுக்குள்ள எடுத்து என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

மருமகள்: கோவமா மாமா?

மாமனார்: யார் மேல?

மருமகள்: என் மேல.

மாமனார்: உன் மேல கோவப்பட எனக்கு என்னம்மா யோக்கியதை இருக்கு?

மருமகள்: சாயந்திரம் அவர் வேலை முடிஞ்சு வருவார். கத்துவார். உங்களைத்தான் மொதல்ல...

மாமனார்: கத்தட்டும். பஸ்ல ஐம்பது பேர் ஒரே நேரத்துல கத்திக் கேட்ட காது இது.

கடைக்காரர்: சார்ஜ் போட்டுட்டேன். அதுக்குள்ள இந்த வாரண்டி அட்டையை நிரப்பிடுங்க. பேரு, விலாசம், போன் நம்பர். இந்தாங்க பேனா.

மருமகள்: விலாசம் கண்டிப்பா வேணுமா?

கடைக்காரர்: விலாசம் இல்லேன்னா ரிப்பேருக்கு எடுத்துக்க மாட்டாங்க மேடம். நான் கல்லாகிட்ட இருக்கேன், எழுதிக் கொண்டாங்க.

மருமகள்: ... மாமா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னாடி...

மாமனார்: சொல்லாத!

மருமகள்: ஏன் மாமா?

மாமனார்: வேணாம். என்கிட்ட சொல்லாத.

மருமகள்: ஒரு ஆத்திர அவசரத்துக்கு வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்ல?

மாமனார்: உன் சிநேகிதிகிட்ட சொல்லி வை. அந்தத் தையக்காரப் பொண்ணு.

மருமகள்: அவ பேச்சையே எடுக்காதீங்க.

மாமனார்: நல்ல பொண்ணும்மா அது.

மருமகள்: நல்ல பொண்ணா? போன தடவை அவளை நம்பித்தானே அவ வீட்ல போய் இருந்தேன். மூணே நாள். நாலாம் நாள் காலையில உங்க பையன் வாசல்ல வந்து நிக்கறார். அங்க இருக்கேன்னு அவளைத் தவிர வேற யாருக்குத் தெரியும்? உங்களுக்கு மட்டும், அவ வீட்ல நல்லா இருக்கேன்னு ஒரு போன் பண்ணினேன். அவ்வளவுதான். காட்டிக்குடுத்தது அவதான். அதோட அவகிட்ட பேச்சு இல்ல.

மாமனார்: பேசு. இன்னைக்கே பேசு.

மருமகள்: எப்படி மாமா பேசுவேன்?

மாமனார்: நீ எழுதும்மா. நான் அந்தப் பக்கமாத் திரும்பி நிக்கறேன்.

மருமகள்: திரும்பாதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. ஏன் அவகிட்ட பேசணும்?

மாமனார்: அவ வாயே திறக்கலம்மா... பெத்த பிள்ளை அழுதுகிட்டே கேட்டான். நான்தான் சொன்னேன்.