கராகாஷ்கா எதைக் கண்டு மிரண்டது

என் கணவர் தொக்தோசுன் தங்கமான மனிதர். தேநீருக்குச் சர்க்கரைக் கட்டி கொண்டுவந்து வைத்தால், முதலில் ஒன்றை எடுத்துப் போய்த் தன் குதிரைக்கு ஊட்டிவிட்டு வந்துதான் தன் கிண்ணத்தில் போட்டுக்கொள்வார். என் கிண்ணத்தில் நானே போட்டுக்கொள்வேன். எனக்கும் கை இருக்கிறது.

குதிரையின் பெயர் கராகாஷ்கா. கரிய உடம்பு, நெற்றியில் வெள்ளைத் தீற்றல். கோடையில் ஆடுகளோடு மலைமேய்ச்சலுக்கு ஏறியதும், அவர் அதன் கழுத்தைத் தேய்த்தபடி பேசுவது கூடாரத்துக்குள் எனக்குக் கேட்கும். "தூங்கினியாடா ராசா? நேத்து உன்னை ரொம்ப ஓட வச்சிட்டேனா?" பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து என்னிடம், "உப்பு" என்பார். சில நாட்களில் அதையும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டுவார்.

குதிரை ஆணுக்குச் சிறகு என்று எங்கள் கிர்கிஸ் மக்கள் சொல்வார்கள். பெண்டாட்டி என்ன என்று யாரும் சொல்லவில்லை. எனக்குப் பொறாமை கிடையாது. குதிரையைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?

இந்தக் கோடையில் கராகாஷ்கா திடீரென்று மாறிவிட்டது. அவர் சேணத்தோடு கிட்டே போனால் காதைப் பின்னுக்கு மடக்கும். பின்னங்காலில் எழுந்து நிற்கும். ஒருநாள் அவரை ஓடைக்குள் தூக்கி எறிந்தது. நனைந்த கோழி மாதிரி வந்து நின்றவருக்கு நான்தான் மாற்றுடை கொடுத்தேன். "நுர்ஜமால், இதுக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்டார். என் பெயர் அவருக்கு நினைவிருந்ததே எனக்குச் சந்தோஷம்.

பள்ளத்தாக்கிலிருந்து கால்நடை மருத்துவர் பெர்மெத் ஏறி வந்தாள். சின்ன வயது, ஆனால் கெட்டிக்காரி. பல்லைப் பார்த்தாள், குளம்பைத் தட்டினாள், முதுகை அழுத்தினாள், சேணத்தைக் கவிழ்த்துத் தடவினாள். எங்கும் கோளாறு இல்லை. அவளே ஏறிப் பார்த்தாள். ஆட்டுக்குட்டி மாதிரி நடந்தது. என் கணவர் கிட்டே வந்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது.

"அண்ணே, அந்தக் கோட்டைக் கழட்டுங்க" என்றாள்.

ஆட்டுத்தோல் கோட்டை அவர் கழற்றி வைத்தார். குதிரை தயங்கித் தயங்கி வந்து அவர் தோளில் மூக்கை வைத்தது.

"உடம்புல ஒண்ணுமில்ல, இது பயம். இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு யாரோ இதை வதைச்சிருக்காங்க."

அவள் சொன்னது சரிதான். வோட்கா குடித்தால் மறுநாள் வெயில் ஏறும்வரை என் கணவர் எழுந்திருக்க மாட்டார். அந்தக் காலைகளில் அவர் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, கம்பளம் தைக்கும் ஊசியோடு நான் போவேன். பிடரிமயிருக்கு அடியில் குத்தினால் தேடினாலும் தெரியாது. ஆழமாகக் குத்தியதில்லை. அப்புறம் பாவாடையோடு போய் ரொட்டித் துண்டு கொடுப்பேன். நான் கொடுமைக்காரி இல்லை.

ஆனால் அன்று அதைச் சொல்ல வாய்ப்பு அமையவில்லை.

"குடிச்சா என்ன பண்றோம்னே இவருக்குத் தெரியாது தங்கச்சி" என்றேன். "நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. "நானா?"

"விடுங்க. குதிரைதானே."

பெர்மெத்துக்கே மனசு கேட்கவில்லை. "கோட்டைத் தூக்கிப் போட்டுடுங்கண்ணே. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"கோட்டா வதைச்சுது?" என்றார் அவர். "உள்ள இருந்த ஆளுல்ல வதைச்சான்."

மறுநாளே கராகாஷ்காவைக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஓட்டிப் போனார். அதன்மேல் ஏறாமல், பக்கத்திலேயே நடந்து போனார். திரும்பி வரும்போதும் நடைதான். கண் வீங்கியிருந்தது. குடியை அடியோடு விட்டுவிட்டார். எந்தப் பெண்ணுக்கு இது கிடைக்கும்?

இப்போது எங்களுக்குள் நிறையப் பேச்சு உண்டு. ஒரு சொட்டுகூடக் குடிக்காதபோதும், காலையில் கண் விழித்ததும், "நேத்து நான் எதுவும் பண்ணிடலையே?" என்று என்னிடம்தான் கேட்பார். "இல்ல" என்பேன். சில நாட்களில் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். அதுவரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

முந்தாநாள் எங்கள் காவல் நாய் காலில் முள்ளோடு நொண்டி வந்தது. அதை மடியில் போட்டு முள்ளைப் பிடுங்கிவிட்டு, "வலிக்குதாடா செல்லம்?" என்று வெகுநேரம் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நல்ல நாய். அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.