ஆன்ட்லர் ரோட்டுக் கடைசி வீடு

சாயங்காலம் நாலு இருபது. ஜனவரி மாசம். ஆன்ட்லர் ரோடு.

அந்த ரோட்ட உங்கள்ல யாரும் பாத்திருக்க மாட்டீங்க. வயோமிங்லயே பொறந்து வளந்தவன் நான்... ரெண்டே தடவதான் போயிருக்கேன். ரெண்டு தடவையும் லாரியில ஆடு ஏத்த. நாப்பத்தேழு மைல். இப்ப மனுஷன் இருக்கறது ரெண்டே வீட்டுல. ஆட்டு ரோமத்துக்கு விலை இருந்த காலத்துல பதினோரு குடும்பம் இருந்துச்சு. விலை விழுந்துச்சு, ஜனம் ஒவ்வொண்ணா கிளம்பிப் போச்சு. வேலி மட்டும் நின்னுச்சு.

சிரிக்காத, ரஸ்ஸல். உங்க சிகாகோவுல ஒரு தெருவுல இருக்கற ஜனம் எங்க கவுன்ட்டி முழுக்க இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா இன்னைக்கு ஹைவேய மூடிட்டான், காத்து லாரியவே கவுக்குது, இந்த மோட்டல்ல ஒரே ஒரு ஹீட்டர். உனக்கும் வேற போக்கிடம் இல்ல. கிட்ட வந்து உக்காரு.

இது என் கூட்டாளி டெல்பர்ட்டோட தங்கச்சி புருஷனுக்கு நடந்தது. பேரு லோரன். நெப்ராஸ்காக்காரன். கல்யாணம் கட்டி இங்க வந்து, லைன்மேன் வேலையில சேந்து நாலு மாசம்தான் ஆயிருந்துச்சு.

அன்னைக்குப் பனிப்புயல். டவுன்ல பெரிய லைன் அறுந்து விழ, பழைய ஆளுங்க மொத்தமும் அங்க. ஆபீஸ்ல போன் எடுக்க மார்லிஸ்னு ஒரு அம்மா மட்டும். அவங்களும் வேலைக்குப் புதுசு. வயர்லெஸ்ல லோரனக் கூப்பிட்டாங்க.

"ஆன்ட்லர் ரோட்டுக் கடைசி வீடாம்ப்பா. ஒரு பெரியவர் பேசினாரு. காலையிலேருந்து கரன்ட் இல்லையாம். அவரு சம்சாரம் ஆக்ஸிஜன் மெஷின்ல இருக்காங்களாம்."

"சிலிண்டர் ஏதாவது வச்சிருக்காராக்கா?"

"ஒண்ணு இருக்காம். கொஞ்ச நேரம் தாங்குமாம். 'அவசரம் ஒண்ணுமில்ல, வேற யாருக்காவது ரொம்ப முடியலைன்னா அவங்களப் பாத்துட்டு வரச் சொல்லுங்க'ங்கறாரு."

எங்க ஆளுங்க அப்படித்தான். கால் ஒடிஞ்சு தொங்கினாலும் 'லேசா வலிக்குது'ம்பாங்க. இந்த ஊர்ல ஒருத்தர் போனப் போட்டு 'அவசரமில்ல'ங்கறாருன்னா... உயிர் போகுதுன்னு அர்த்தம். நாலு மாசத்துல லோரனுக்கு அது புரிஞ்சிருந்துச்சு. வண்டிய எடுத்துட்டான்.

முப்பது மைல் போனான். அதுக்கப்புறம் ரோடே இல்ல... வெள்ளை. மேல வெள்ளை, கீழ வெள்ளை. கதவத் தொறந்து, தலைய வெளிய நீட்டி, ஒவ்வொரு வேலிக் கல்லாப் பாத்துப் பாத்து உருட்டினான். நாப்பத்தாறாவது மைல்ல வண்டி பனிக்குள்ள மூக்கக் குத்தி நின்னுடுச்சு.

பனி தள்ற வண்டியக் கேட்டான். காத்து தணியற வரைக்கும் வராதுன்னுட்டாங்க.

அப்பதான் தெரிஞ்சுது... மஞ்சளா ஒரு வெளிச்சம். ஜன்னல் அளவுக்கு. உள்ள மண்ணெண்ணெ விளக்கு எரியற மாதிரி.

இறங்கிட்டான். இடுப்புல வாக்கி-டாக்கி, தோள்ல ஃப்யூஸ் மாட்டற நீளக் கம்பு. முள்கம்பி வேலியப் புடிச்சுக்கிட்டு, கை மாத்தி கை மாத்தி நடந்தான். கையுறை கிழிஞ்சுது. உள்ளங்கை கிழிஞ்சுது. ரத்தம் வரல... வர்றதுக்குள்ள உறைஞ்சிடுச்சு.

"லோரன், பெரியவர் திரும்பவும் கூப்பிட்டாரு. சிலிண்டர்ல முள்ளு சிகப்புக்கு வந்துடுச்சாம்."

"வந்துட்டேன்னு சொல்லுங்கக்கா. அவங்க விளக்கு எனக்குத் தெரியுது."

கடைசிக் கம்பம். மேல ஃப்யூஸ் கழண்டு தொங்குது. கம்ப நீட்டி ஒரே தள்ளு. 'டக்'. ட்ரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்'னு முனகுச்சு. அந்தக் குளிர்ல, ஒத்தையா நின்னுக்கிட்டு, வாய்விட்டுச் சிரிச்சானாம்.

சிரிச்சுக்கிட்டே திரும்பினான்... வெளிச்சத்தக் காணோம். வீட்டையும் காணோம்.

முழங்கால் உயரத்துக்கு சதுரமா ஒரு சிமென்ட்டுச் செவுரு, வீட்டு அஸ்திவாரம் மாதிரி. அவ்வளவுதான். உள்ள பூரா பனி.

ஆனா வாசம் அடிக்குது... மண்ணெண்ணெ. நெஞ்சுத் தைலம். அடுப்புல தீஞ்ச காப்பி. அப்புறம் பனிக்கு அடியிலேருந்து ஒரு சத்தம். 'ஹ்ஹீ...'ன்னு ஒரு இழுப்பு. நிறுத்தம். திரும்ப 'ஹ்ஹீ...'

"அக்கா! கரன்ட் விட்டாச்சு! மெஷின் ஓடுதான்னு கேளுங்க!"

"ஓடலையாம்ப்பா. இன்னும் இருட்டாத்தான் இருக்காம்."

லோரன் மண்டி போட்டுட்டான். கையாலயே தோண்டினான். "பொறுங்கம்மா... வந்துட்டேன்... தோ வந்துட்டேன்..." பனி முடிஞ்சு சிமென்ட்டுத் தரை வந்துச்சு. மூச்சு அதுக்கும் கீழேருந்து வருது. தரையச் சுரண்டினான். நகம் பேந்துச்சு. ஒரு இழுப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பத்து எண்ணினான். அப்புறம் முப்பது. அப்புறம் எழுபது...

அதுக்கப்புறம் எண்ணிக்கிட்டே இருந்தான்.

ரொம்ப நேரம் கழிச்சு மார்லிஸ் பேசினாங்க. அழறாங்க. "லோரன்... போதுமாம்ப்பா. உன்னால ஆனத நீ செஞ்சுட்டியாம். குளிர்ல நிக்காம உள்ள வந்து... ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போகச் சொல்றாரு."

மறுநாள் ஒம்பது மணிக்குத்தான் அவன எடுத்தாங்க. உயிர் இருந்துச்சு. வலது கையில ரெண்டு விரல் போச்சு.

பழைய ஆளுங்க சொல்லித்தான் விஷயம் தெரிஞ்சுது. ஹார்லன், வெர்னான்னு வயசானவங்க இருந்த வீடு. இருபது வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி ஒரு புயல்ல, மெஷின் நின்னு, அந்தம்மா போயிட்டாங்க. அன்னைக்கு யாராலயும் போய்ச் சேர முடியல. வசந்தத்துக்குள்ள அவரும் போயிட்டாரு. அப்புறம் கேஸ் கிணறு தோண்டற வேலை சூடு புடிச்சுதா... தங்க வீடு கிடைக்காம ஜனம் வண்டியில தூங்கின சமயம். மகன் அந்த மர வீட்ட அப்படியே ஜாக்கி போட்டுத் தூக்கி, பெரிய லாரியில வச்சு, நூத்தறுவது மைல் தள்ளி வித்துட்டான். அந்த வருஷமே லைன் கம்பியையும் சுருட்டிட்டு வந்துட்டாங்க. அங்க இருக்கறது வெறும் கம்பம்.

அப்ப லோரன் எதுல ஃப்யூஸ் போட்டான்? என்னைக் கேக்காதீங்க.

ஏப்ரல்ல, தூக்கிட்டுப் போன அந்த வீட்ட ஒரு தடவ பாத்தாத்தான் தூக்கம் வரும்னு லோரன் ஒத்தக் கால்ல நின்னான். டெல்பர்ட்தான் கூட்டிட்டுப் போனான். கேஸ் கிணத்து வேலைக்காரர் குடும்பம் ஒண்ணு அதுல குடி இருந்துச்சு. டானான்னு அந்த வீட்டுக்காரம்மா வந்து கதவத் தொறந்தாங்க.

லோரன் தொப்பியக் கழட்டினான். "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க, ஜனவரில புயல் அடிச்ச அன்னைக்கு..."

அவ்வளவுதான் பேசினான். அந்தம்மா முகம் வெளுத்துப்போச்சு. அவன் கையப் பாக்குறாங்க. முகத்தப் பாக்குறாங்க.

"அந்தக் குரல் உங்களோடதா?"ன்னாங்க. "ராத்திரி பூரா எங்க தரைக்கு அடியில சுரண்டினீங்களே... என் வீட்டுக்காரர் பலகையெல்லாம் பேத்துப் பாத்தாரு, வெறும் மண்ணு. பிள்ளைங்க தரையில வாய வச்சு மாத்தி மாத்திக் கத்துச்சுங்க. 'இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல, விறைச்சுப்போயிடுவீங்க, வீட்டுக்குப் போங்க'ன்னு... விடியற வரைக்கும் கத்தினோமே. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"