சந்தா இல்லாத மணி

மாதாமாதம் காசு கேட்கிற பொருள் எதையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை, மேடம். மின்சாரம், தண்ணீர் எல்லாம் வேறு. மற்றபடி ஒரு பொருளை வாங்கினால் அது நம்முடையதாக இருக்க வேண்டும். கேமரா வைத்த அழைப்பு மணி வாங்கப் போனபோது கடைக்காரர் சந்தா உள்ளதைத்தான் முதலில் எடுத்து நீட்டினார். பதிவெல்லாம் கம்பெனியிலேயே பத்திரமாக இருக்கும், மாதம் ஒரு சின்னத் தொகைதான் என்றார். "என் வீட்டு வாசலை நான் பாக்கறதுக்கு யாருக்கோ வாடகை கட்டணுமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அப்புறம் உள்ளே போய் இதை எடுத்து வந்தார்.

நல்ல மணி. யாருக்காவது வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் தாராளமாக இதையே வாங்கலாம். பதிவு முழுவதும் வீட்டுக்குள் வைக்கிற ஒரு வெள்ளைப் பெட்டியிலேயே சேர்ந்துவிடும், வெளியே எங்கும் போகாது. பூனைக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியும். படம் தலை முதல் படிக்கட்டு வரை விழும். மலிவான மணிகளில் முகம் மட்டும்தான் தெரியும், கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாது. யார் அழுத்தினாலும் என் போனில் வரும். நான் அலுவலகத்தில் இருந்தபடியே பேசலாம்.

பேசுவதுதான் என் வேலையும். சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் புகார் அழைப்புகளை எடுக்கிறேன். கத்திக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் பேசி முடிக்கும்போது நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். சத்தம் போடாமல், அவசரப்படாமல் சொன்னால் யாரும் எதையும் ஏற்றுக்கொள்வார்கள்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். முடி நரைக்க ஆரம்பித்த பிறகும் சின்னவள்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. கல்யாணம் இருவருக்கும் அமையவில்லை. அவளுக்கு ஒன்றிரண்டு இடங்கள் வந்தன. நான்தான் விசாரித்தேன், சரியில்லை என்று தெரிந்தது. அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. அவ்வளவு நல்ல பெண்.

அவளுக்குக் கண்ணில் விழித்திரை கிழிந்து போயிற்று. அதை முதலில் கண்டுபிடித்தவர் கண்ணாடிக் கடைக்காரர். கண்ணாடி மாற்றப் போனவளிடம், "இது கண்ணாடியால சரியாகற விஷயம் இல்லைங்க, இன்னைக்கே டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி, கடையைப் பூட்டிவிட்டுத் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். மனைவியை இழந்தவர். மெலிந்த உடம்பு, எப்போதும் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் துணி. அவர் செய்தது நல்ல காரியம். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செய்த உதவிக்கு நன்றி சொன்னால் போதாதா? ஆயுளையே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

ஆபரேஷனுக்குப் பிறகு சின்னவள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்றார்கள். கண்ணுக்குள் காற்றடைத்திருந்தார்கள், நிமிர்ந்தால் அது இடம் மாறிவிடும். போன், புத்தகம், டிவி எதுவும் கூடாது. மாடியில் பின்பக்க அறையைத் தயார் செய்தேன். ரேடியோவைப் பக்கத்தில் வைத்தேன். தரையில் தட்டை வைத்து ஊட்டிவிட்டேன். தலையை நானே அலசிவிட்டேன். அந்த நாட்களில் நாங்கள் மிகவும் சந்தோஷமாக இருந்தோம், மேடம். அவளையும் கேட்டுப் பாருங்கள்.

அப்படி ஒரு நாள் படுத்திருந்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அக்கா, கண்ணு சரியானதும் நாங்க ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீ என்ன சொல்றே?"

"யாரும்மா நாங்க?" என்றேன்.

சிரித்தாள். குப்புறப் படுத்துச் சிரித்தால் முதுகு மட்டும்தான் குலுங்கும். "தெரியாத மாதிரி கேக்கறியே. நான் போயிட்டா நீ தனியா இருப்பியேன்னுதான் இத்தனை நாள் சொல்லாம இருந்தேன்."

"நல்லா இரு" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்து கழுவினேன். மணி வாங்கப் போனது அந்த வாரம்தான்.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. நோயாளி இருக்கும் வீட்டில் வாசல் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மணி வீட்டுக்குள் ஒலிக்காதபடி அணைத்துவைத்தேன், அவள் திடுக்கிட்டு எழுந்தால் கண் என்ன ஆகும்? அவள் போனும் என் கைப்பையில் இருந்தது. அது டாக்டர் சொன்னதுதான். கண்ணாடிக் கடைக்காரர் அனுப்பிய செய்திகளுக்கு அவள் எழுதுவது போல இரண்டு நாள் பதில் போட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே குரல். அப்பாவே போனில் பெரியவளா சின்னவளா என்று கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். ஒரு வித்தியாசம் உண்டு. சின்னவள் பேசி முடிக்கும்போது குரல் லேசாக மேலே போகும், எதற்கோ அனுமதி கேட்பது போல. அது சிரமமில்லை.

அவர் முதல் தடவை வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். கையில் ஒரு பை, ஆரஞ்சுப் பழம். "நான்தான். எப்படி இருக்கீங்க?" என்று மணியைப் பார்த்துக் கேட்டார். தலையைச் சீவிவிட்டு வந்திருந்தார். "எனக்கு யாரையும் பாக்கத் தோணலைங்க. அக்கா இல்லாத நேரத்துல வராதீங்க" என்றேன், குரலைக் கொஞ்சம் தூக்கி. பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அதைப் பிழிந்து அவளுக்கே கொடுத்தேன். வீணாக்கவில்லை.

"அவர் வந்தாராக்கா?" என்று கேட்பாள்.

"உள்ளே வரலையேம்மா" என்பேன். அது பொய்யில்லை.

பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். குப்புறப் படுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் பெரும்பாலும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். சாப்பாடு குறைந்தது. நோய் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். "ஆம்பளைங்க மனசு யாருக்குத் தெரியும்" என்றேன். என் மடியில் தலை வைத்து அழுதாள். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அப்படி வந்து படுத்தாள்.

ஆனால் அவர் நிறுத்தவில்லை. என்னிடம் பேசுகிறவர்கள் பொதுவாக இத்தனை தடவை திரும்ப வருவதில்லை. "உங்களுக்குப் பிடிக்கலைன்னா சரி, முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போயிடறேன்" என்பார். குரலைக் கொடுக்கலாம், அவள் முகத்துக்கு நான் எங்கே போவது? கடைசியில், "உங்களை நெனச்சாலே எனக்கு அருவருப்பா இருக்கு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. சின்னவள் அப்படிப் பேசமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மணியின் கண்ணுக்குள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் கேட்கிற நாள் அதற்கு அடுத்த வாரம். மதியம், நல்ல வெயில். அலுவலகத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது. சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் கண்ணாடிக் கூடு.

"உங்க புதுக் கண்ணாடி. குடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். மூச்சு வாங்கியது. "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குங்க. கதவைத் திறங்க, கொஞ்சம் தண்ணி."

"இந்த நடிப்பெல்லாம் வேண்டாங்க" என்றேன்.

"நடிப்பு இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்தார். பக்கத்து மேசைக்காரி, "என்ன, சீரியலா?" என்று கேட்டாள். "வீட்டு வாசல்" என்றேன். "பரவாயில்லையே, தெளிவாத் தெரியுதே" என்றாள். நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி மணியை அழுத்தினார். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு சாய்ந்தார், கண்ணாடிக் கூடு உருண்டு கீழே போயிற்று. நான் சொன்னேன் இல்லையா, படிக்கட்டு வரை தெரியும்.

கொஞ்ச நேரம் அசைவுக்கான அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. பிறகு வரவில்லை. டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

அடுத்து பார்சல்காரர் வந்தபோதுதான் போன் அதிர்ந்தது. அவருக்கு மணியை அழுத்தும் பொறுமை இல்லை. கதவை உடைக்கிற மாதிரி தட்டிக் கூப்பாடு போட்டார். சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து தானாகவே இறங்கி வந்திருக்கிறாள். அந்தக் கண்ணோடு, கண்ணாடியும் இல்லாமல். கண்ணாடி இல்லாவிட்டால் இன்னொரு கண்ணிலும் அவளுக்கு எல்லாம் மங்கல்தான். வழுக்கி விழுந்திருந்தால் என்ன ஆவது? குனிந்து, முகத்தைத் தடவிப் பார்த்து, சட்டைப் பையிலிருந்த மஞ்சள் துணியைத் தொட்ட பிறகுதான் யாரென்று புரிந்ததாம். பார்சல்காரரின் போனை வாங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவளும் அவள்தான். அதற்குள் தாமதமாகிவிட்டது.

உங்கள் ஆட்கள் வந்து பதிவு இருக்கிறதா என்று கேட்டபோது நான் சந்தா கட்டவில்லை என்றேன். அது உண்மை. சின்னவள்தான், "எல்லாம் செருப்பு அலமாரி மேல இருக்கற பெட்டியிலதான் சேருதுன்னு அக்கா சொல்லியிருக்கா" என்று எடுத்துக் கொடுத்தாள். நான் பெருமையாகச் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாள். நீங்கள் அதைப் போட்டுக் காட்டியபோது ஆரஞ்சுப் பழத்திலிருந்து கண்ணாடிக் கூடு வரைக்கும் உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை. "இது என் குரல். ஆனா நான் பேசலை" என்று மட்டும் சொன்னாள்.

உங்களுக்கு வேண்டியதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் உயிரோடு இருக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பு இல்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. போன் கையில் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தால் சத்தம் கேட்கும், சின்னவள் இறங்கி வருவாள், கதவைத் திறப்பாள். அதனால் கூப்பிடவில்லை. யோசித்துத்தான் கூப்பிடவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இரவில் சொட்டு மருந்து அவளுக்குத் தானாக விட்டுக்கொள்ள வராது, கை நடுங்கும். இமையைப் பிடித்துக்கொண்டு நான்தான் விட வேண்டும். என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாளாம். கோபத்தில் சொல்வாள், மேடம், வந்துவிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?