பன்னிரண்டு மணிக்குள் ஒரு பயணம்

நிக்கோலாசா: ...முதல்ல மலை, அப்புறம்தான் ஊரு. இல்லன்னா நீ தனியாப் போ.

எவுசேபியோ: அடியே நிக்கோ, சாந்தியாகோவைத் தாண்டித்தான் அந்த மலைக்கே போகணும். என்ன, பறந்து போவியா?

நிக்கோலாசா: தாண்டு. யாரு வேணாம்னா? ஆனா இறங்காதே.

எவுசேபியோ: இறங்காம சுரங்க ரயில்ல எப்படி ஏறுறது? இருபத்தேழு வருஷமா மினிபஸ் ஓட்டுறேன். ஒரு தடவையாச்சும் எவனோ ஓட்ட, நான் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்து வரணும்.

நிக்கோலாசா: நம்ம ஊரு ரோப் கார்ல ஏறு. தலைக்கு மேலதானே போகுது.

எவுசேபியோ: என் சவாரியைப் பிடுங்குன வண்டில நான் ஏறணுமா? செத்தாலும் மாட்டேன்!

பாஸ்குவாலா: ஏம்ப்பா, சண்டையைக் கொஞ்சம் தள்ளி நின்னு போடுங்க. கடையை மறைக்குது. மணி பதினொண்ணேகால். என்ன வேணும்?

நிக்கோலாசா: பயணம் வேணும்க்கா.

பாஸ்குவாலா: இந்தா, சுண்டுவிரல் அளவுக்குப் பாஸ்போர்ட். தீப்பெட்டி அளவுக்குப் பெட்டி. உள்ளங்கைக்குள்ள பஸ்ஸு. எதைக் கையில எடுக்குறியோ அது இன்னிக்கில்லன்னாலும் என்னிக்காச்சும் நிஜமா வரும். மணி பன்னெண்டு அடிக்கையில பூசாரிகிட்டப் புகை காட்டிடணும். ஒரு நிமிஷம் பிந்துச்சு... அது வெறும் பொம்மைதான்.

எவுசேபியோ: எங்களுக்கேவா? லா பாஸ்லயே பொறந்து வளர்ந்தவங்கக்கா. இந்த அலசீத்தா சந்தைக்கு ஒரு வருஷம் தவறினதில்ல.

பாஸ்குவாலா: வாய்ப் பழக்கம் தம்பி, விடு. பாஸ்போர்ட் ரெண்டா?

எவுசேபியோ: ரெண்டு. பெட்டி ரெண்டு. பஸ் ஒண்ணு... அந்த நீலம் வேணாம், டயர் தேஞ்சிருக்கு.

நிக்கோலாசா: பொம்மை பஸ்ஸுய்யா அது!

எவுசேபியோ: புகை பட்டா நிஜம். அப்புறம் மலை வளைவுல டயர் வெடிச்சா, கீழ இறங்கி நீயா மாத்துவே?

பாஸ்குவாலா: எந்தெந்த ஊரு போறீங்க? டிக்கெட்ல எழுதணும்ல.

எவுசேபியோ: எழுதுங்க. சாந்தியாகோ, மூணு நாள்...

நிக்கோலாசா: ஒரு நாள்.

எவுசேபியோ: ரெண்டு! ரெண்டு நாள், காலைல இருந்து ராத்திரி வரைக்கும் சுரங்க ரயில். எழுதியாச்சா? அங்கிருந்து பஸ்ஸுல மலை ஏறி, எல்லை தாண்டி...

நிக்கோலாசா: அகோன்காகுவா! அதைப் பெருசா எழுதுங்கக்கா. நாலு நாள்.

பாஸ்குவாலா: உச்சி வரைக்குமா?

நிக்கோலாசா: உச்சி யாருக்கு வேணும்? பதினாறு வருஷமா மலையேறுறவங்க முகாம்ல சமையல்காரி நான். அவங்க மேல போவாங்க, நான் பிரஷர் குக்கரோட கீழ உக்காந்திருப்பேன். அந்தப் பெரிய மலையோட அடிவார முகாமுக்குப் போவேன், கால் மேல கால் போட்டு உக்காருவேன்... வேற எவளாச்சும் எனக்குச் சூப் கொண்டாந்து குடுக்கணும்.

எவுசேபியோ: கொண்டாந்தா உப்புப் பத்தலைன்னு இவளே எந்திரிச்சுப் போய்க் கரண்டியைப் பிடுங்குவா, பாருங்க.

நிக்கோலாசா: நீ மட்டும் என்ன? எவனோ ஓட்டுற பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு, வளைவுக்கு வளைவு காலால தரையை மிதிப்பே. இல்லாத பிரேக்கை!

எவுசேபியோ: சரி சரி... மெந்தோசா ஒரு நாள், கடைசியா பியூனஸ் அயர்ஸ் நாலு நாள். அங்க கடல் மட்டமாம்க்கா. காத்து எக்கச்சக்கமா இருக்குமாம். நம்ம உசரத்து ஆளுங்களுக்கு மூச்சு விட்டாலே போதை ஏறுமாம்.

நிக்கோலாசா: உனக்கு வேற ஏறணுமாக்கும்.

பாஸ்குவாலா: எப்போ கிளம்புறீங்க?

எவுசேபியோ: டிசம்பர். அப்போ இவ முகாமுக்கு மழை விடுமுறை.

பாஸ்குவாலா: மலைக்குன்னா கூடாரம் வேணுமே. இந்தா. ஒரு ஆள் கூடாரம்.

நிக்கோலாசா: ஒரு ஆளா? வேணாம்க்கா. ரெண்டு ஆள் கூடாரம்தான் வேணும்.

பாஸ்குவாலா: அது வித்துப் போச்சு தாயி.

எவுசேபியோ: பரவால்லடி, ஒட்டிக்கிட்டுப் படுத்துக்கலாம்.

நிக்கோலாசா: இல்ல! தேடிப் பாருங்கக்கா. ஒரு ஆள் கூடாரம் கூடாது. இன்னிக்குக் கூடவே கூடாது.

எவுசேபியோ: என்னடி, அதுக்குப் போயி கண்ணு கலங்குது?

நிக்கோலாசா: புகைய்யா... புகை.

பாஸ்குவாலா: இரு இரு, மூட்டைக்கு அடியில ஒண்ணு கிடக்கு. இந்தா, ரெண்டு ஆளு. இவ்வளவு வாங்கினதுக்கு மளிகைக் கூடை ஒண்ணு சும்மா தர்றேன். அரிசி, சர்க்கரை, எண்ணெய், சேமியா...

நிக்கோலாசா: ஐயோ, சேமியா மட்டும் வேணாம்! எடுங்க அதை, எடுத்துருங்க!

பாஸ்குவாலா: சேமியா உன்னை என்ன தாயி பண்ணுச்சு?

நிக்கோலாசா: போன வருஷம் பூரா வீட்டுக்குச் சேமியாவா வந்துச்சுக்கா. இவன் தங்கச்சி ஒரு பெட்டி குடுத்தா. டிரைவர் சங்கத்துல கிறிஸ்துமஸுக்கு அரை மூட்டை. சர்ச் குலுக்கல்ல பிறந்ததுல இருந்து எனக்கு எதுவும் விழுந்ததில்ல, போன வருஷம் விழுந்துச்சு... அதுவும் சேமியா! அலமாரியைத் தொறந்தா தலைல கொட்டுது.

எவுசேபியோ: க்கும்... க்கும்!

நிக்கோலாசா: என்னய்யா இருமல்?

எவுசேபியோ: ஒண்ணுமில்ல. புகை.

நிக்கோலாசா: நீ ஒண்ணு பண்ணு. போய் ரெண்டு சால்தேன்யா வாங்கிட்டு வா. உள்ள கறிக்குழம்பு வச்சுச் சுட்டது, சூடா, காரமா. அந்தக் கடைசி முக்குல.

எவுசேபியோ: இங்க பக்கத்துலயே விக்கிறானே?

நிக்கோலாசா: கடைசி முக்குலன்னா கடைசி முக்குல!

எவுசேபியோ: போறேன் மகராசி, போறேன்...

நிக்கோலாசா: ...போயிட்டானா?

பாஸ்குவாலா: தலை மறைஞ்சிருச்சு.

நிக்கோலாசா: அக்கா, சீக்கிரம். ஒரு கல்யாணப் பத்திரம் குடுங்க. சின்னதா மடிச்சு.

பாஸ்குவாலா: ஆங்! உன் தலைல இருக்குற தொப்பியைப் பாத்தப்பவே நெனச்சேன். போன வருஷம் இதே கடையில விவாகரத்துப் பத்திரம் வாங்கிட்டுப் போனது நீதானே?

நிக்கோலாசா: சத்தமாப் பேசாதீங்க! ...ஆமாக்கா. நான்தான். பழைய பேப்பர்ல சுத்திக் குடுத்தீங்களே. நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் புகை காட்டுனேன்.

பாஸ்குவாலா: அடிச்சானா?

நிக்கோலாசா: சேச்சே. எறும்பைக்கூட நசுக்க மாட்டான். ஆனா வீட்டுல இருந்தாத்தானே? ஞாயித்துக்கிழமைகூட வண்டி. வந்தா தூக்கம். ஒரு நாள் சொல்லிப் பாத்தேன், எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய்யான்னு. அப்படியே உக்காந்த வாக்குல குறட்டை விட்டான். எனக்கு வெறுத்துப் போச்சு.

பாஸ்குவாலா: இப்ப ஆள் அப்படித் தெரியலையே?

நிக்கோலாசா: அதான்க்கா எனக்கும் புரியலை! போன சந்தை முடிஞ்ச மறுவாரமே ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்குறதை விட்டுட்டான். தலை சீவுறான். நான் பேசினா கேக்குறான். இந்தப் பயணம்கூட அவனா சொன்னதுதான். எனக்கு இவன் வேணும்க்கா. போன வருஷம் காட்டுன புகை இனிமே பலிச்சுத் தொலைச்சா நான் என்ன பண்ணுவேன்?

பாஸ்குவாலா: புகை பட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனா அதுக்கு மேல புதுசாக் கல்யாணப் பத்திரத்துக்குப் புகை காட்டிட்டா, பழசு செல்லாது. இன்னிக்குப் பன்னெண்டுக்கே காட்டிரு.

நிக்கோலாசா: அவன் கண்ணுல படாமக் காட்டணும். தெரிஞ்சா செத்துருவான்க்கா, பாவம்.

பாஸ்குவாலா: வர்றான் வர்றான்! ஒளி!

நிக்கோலாசா: எங்க... எங்க ஒளிக்கிறது... தொப்பிக்குள்ள!

எவுசேபியோ: இந்தா சால்தேன்யா. அவ்வளவு கூட்டத்துலயும் ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாமக் கொண்டாந்தேன்... ஏண்டி தொப்பியை இப்படி அமுக்கிப் பிடிச்சிருக்கே?

நிக்கோலாசா: காத்து.

எவுசேபியோ: காத்தே இல்லையே?

பாஸ்குவாலா: பூசாரி வந்துட்டாரு! பன்னெண்டாகப் போகுது! எல்லாத்தையும் கையில எடுங்க!

எவுசேபியோ: பிடி நிக்கோ, பஸ்ஸைப் பிடி. பெட்டி... பாஸ்போர்ட்... கூடாரத்தை இந்தக் கையில. விட்டுறாதே!

நிக்கோலாசா: யோவ், ஒரு கை வேணும்யா எனக்கு! ஒரே ஒரு கை!

எவுசேபியோ: எதுக்கு? மணி அடிக்குது பாரு! தூக்கு, தூக்கு! பூசாரி ஐயா, இந்தப் பக்கம்! சாந்தியாகோ! அகோன்காகுவா! பியூனஸ் அயர்ஸ்!

பாஸ்குவாலா: தொப்பி தாயி! தொப்பி!

எவுசேபியோ: தொப்பிக்கு என்னக்கா?

நிக்கோலாசா: ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல... ஐயா, ஒரு நிமிஷம்... ஐயா, போகாதீங்க...

எவுசேபியோ: காட்டியாச்சு! பஸ்ஸுக்குப் பட்டுச்சு, கூடாரத்துக்கும் பட்டுச்சு! டிசம்பர்ல சுரங்க ரயில்டி... ஏய். நிக்கோ? இது புகை இல்ல. நிஜமா அழுறே.

நிக்கோலாசா: பன்னெண்டு போயிருச்சுய்யா...

எவுசேபியோ: அதான் எல்லாத்துக்கும் காட்டிட்டோமே.

நிக்கோலாசா: எல்லாத்துக்கும் இல்ல. இந்தா, தொப்பிக்குள்ள பாரு.

எவுசேபியோ: கல்யாணப் பத்திரமா? நமக்குத்தான் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சே?

நிக்கோலாசா: திட்டு. அடிக்கணும்னா அடி. போன வருஷம் நான் விவாகரத்துப் பத்திரம் வாங்கிப் புகை காட்டிட்டேன்யா. இன்னிக்கு அதை அழிக்கலாம்னு இதை வாங்கினேன். நீ என் ரெண்டு கையிலயும் பஸ்ஸையும் பெட்டியையும் திணிச்சுட்டே... இனி நாம எங்க போயி என்ன? நான் உன்னை இழந்துருவேன்.

எவுசேபியோ: ...தெரியும்.

நிக்கோலாசா: என்ன தெரியும்?

எவுசேபியோ: போன வருஷமும் சால்தேன்யா வாங்கப் போனோம். அப்போ போனது நீ. உன் மூட்டையை என் மடில வச்சுட்டுப் போனே. ஒரு பொட்டலம் துருத்திக்கிட்டு இருந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன். உன் பேரு, என் பேரு... ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு. உசுரே போயிருச்சு எனக்கு.

நிக்கோலாசா: ஒரு வார்த்தை கேக்கலையேய்யா நீ!

எவுசேபியோ: கேட்டா, ஆமான்னு சொல்லிருவியோன்னு பயம். அந்தப் பத்திரம் இன்னும் என் டிரைவர் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. தினமும் அது மேல உக்காந்துதான் வண்டி ஓட்டுறேன்.

நிக்கோலாசா: இருய்யா... சீட்டுக்கு அடியிலயா? அப்போ நான் கண்ணை மூடி, நெஞ்சோட அணைச்சு, பூசாரி காலைப் பிடிக்காத குறையா மூணு தடவை புகை காட்டச் சொன்னேனே... அந்தப் பொட்டலத்துக்குள்ள என்ன இருந்துச்சு?

எவுசேபியோ: சேமியா.