மைசூருல எந்த ரூமு?

கோதண்டராமன்: ராத்திரி படுத்து எழுந்துக்கப் போறோம், அதுக்கு எதுக்கு தேவி நாலாவது மாடி? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இந்த லாட்ஜே போதும். கிரவுண்ட் ப்ளோர் ரூமு வேற.

அருணாதேவி: மைசூருக்குப் போயி பஸ் ஹாரன் கேக்கணுமா? அத நம்ம ஊருலயே கேட்டுக்கலாம். அந்தப் பெரிய ஓட்டலயே போடுங்க.

கோதண்டராமன்: வாடகை ஜாஸ்திம்மா.

அருணாதேவி: ஆவட்டும். கல்யாணம் ஆனதுல இருந்து கோயில் கொளம் தவிர எங்கனா கூட்டிக்குனு போயிருக்கீங்களா? இதான் மொத டூரு. இதுலயும் உங்க கருமித்தனம்...

கோதண்டராமன்: நானா கருமி?

அருணாதேவி: பின்ன? ஆசிரமத்துப் பக்கம் நாம வாடகைக்கு விடுற ரூமுல கீசர் போட எத்தன வருஷம் யோசிச்சீங்க?

கோதண்டராமன்: போட்டேன்ல?

அருணாதேவி: போட்டீங்க, அந்த ரஷ்யாக்காரம்மா சளி புடிச்சுப் படுத்தப்புறம்.

கோதண்டராமன்: பேச்ச மாத்தாத. நாலு மாடி யாரு ஏறுறது?

அருணாதேவி: லிப்ட் இருக்குதுங்க.

கோதண்டராமன்: கரண்டு போனா?

அருணாதேவி: ஜெனரேட்டர் இருக்கும்.

கோதண்டராமன்: இருக்கும்னு நீ சொல்ற... கீழ ரூமுன்னா கதவத் தொறந்தா ரோடு. அக்கடான்னு இருக்கலாம்.

அருணாதேவி: அந்த லாட்ஜுன்னா நான் வரல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க.

கோதண்டராமன்: என்னாது? உனக்காகத்தான டூரே! சாயங்காலத்துக்குள்ள சொல்லலன்னா நம்ம பையன் பஸ் டிக்கெட்டயே கேன்சல் பண்ணிடுவேன்னுட்டான்.

அருணாதேவி: பண்ணட்டும்.

கோதண்டராமன்: இத்தினி நாளு ஆசப்பட்டுட்டு... விஷயம் என்னான்னு சொல்லு தேவி.

அருணாதேவி: பாத்ரூமு சரியில்ல.

கோதண்டராமன்: பளபளன்னு டைல்ஸ் போட்டிருக்கான்!

அருணாதேவி: டைல்ஸப் பாத்தீங்க, டாய்லெட்டப் பாத்தீங்களா? போனுல கடைசி போட்டோவத் தள்ளிப் பாருங்க. இந்தியன் டாய்லெட்டு.

கோதண்டராமன்: இரு, தள்ளிப் பாக்குறேன்... அட, ஆமா.

அருணாதேவி: இப்ப என்னா சொல்றீங்க?

கோதண்டராமன்: சரி. பெரிய ஓட்டலே போட்டுடலாம்.

அருணாதேவி: என்னாங்க இது! இவ்ளோ நேரம் மல்லுக்கு நின்னுட்டு...

கோதண்டராமன்: நீதான ஆசப்படுற.

அருணாதேவி: பொய்யி. என் மூஞ்சப் பாத்து சொல்லுங்க.

கோதண்டராமன்: மொதல்ல நீ சொல்லு. அந்த டாய்லெட்டுன்னா உனக்கு என்னா கஷ்டம்?

அருணாதேவி: ...உக்காந்தா எழுந்துக்க முடியலங்க. முட்டி. நம்ம பொண்ணு ஓவியாவுக்கு ஏழாவது மாசம் நடந்தப்பவே ஆரம்பிச்சுடுச்சு.

கோதண்டராமன்: ஏன் சொல்லல?

அருணாதேவி: எப்படி சொல்றது? அவளுக்கு நல்லபடியா பிரசவம் ஆவணும்னு, செவ்வாக்கெழம செவ்வாக்கெழம மலய நடந்தே சுத்துறோம்னு ரெண்டு பேரும் வேண்டிக்கினோமே... நீங்க தனியா போவீங்க, நான் பக்கத்து வூட்டு உண்ணாமலை அக்காவோட...

கோதண்டராமன்: ஆமா, அதுக்கு?

அருணாதேவி: திட்டாதீங்க. நான் முழுசா நடக்கல. அடி அண்ணாமலை வரைக்கும் போவேன். அதுக்கு மேல முடியாது, ஷேர் ஆட்டோல ஏறிடுவேன்.

கோதண்டராமன்: அய்யய்யோ...

அருணாதேவி: என்னால பொண்ணுக்கு எதுனா ஆயிடுமோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்குனு இருந்தேன். கொழந்த அழுற சத்தத்த போனுல கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது... எதுக்கு சிரிக்கிறீங்க?

கோதண்டராமன்: பேத்தி குண்டு குண்டுன்னு உருண்டுக்குனு இருக்குறா, நீ இன்னும் பயந்துக்குனு... அடியே, எனக்கும்தான் முட்டி. நானும் ஆட்டோலதான் வந்தேன்!

அருணாதேவி: அடப்பாவி மனுசா! வந்ததும் கால நீட்டி வெந்நி ஒத்தடம் குடுக்கச் சொன்னீங்களே!

கோதண்டராமன்: வலிச்சுதே, என்னா பண்றது?

அருணாதேவி: அப்பாடா... இப்பதாங்க நெஞ்சு லேசாச்சு. ரெண்டு பேருமே ஏமாத்தியும் அண்ணாமலையாரு கைய விடலயே.

கோதண்டராமன்: அவருக்குத் தெரியாதா நம்ம முட்டிய பத்தி? அதான் நம்ம ரெண்டு பேருக்கும் தோதா கீழ ரூமா தேடினேன்.

அருணாதேவி: இருங்க, இருங்க... ரெண்டு பேருக்குமா? என் முட்டிய பத்தி இப்பதான சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?

கோதண்டராமன்: “எனக்குத்தான் முட்டி முடியல, எங்க வூட்டுக்காரரு பாவம், ஒரு வாரம்கூட விடாம நடந்தே சுத்துறாரு”ன்னு ஆட்டோல உண்ணாமலை அக்காகிட்ட பெருமையா சொல்லிக்குனு வந்தியே... முன்னாடி, டிரைவர் பக்கத்துல, தலையில துண்டப் போட்டுக்குனு நெளிஞ்சிக்கினு உக்காந்திருந்தது நான்தான்டி.